மூடி போட்டால் போதாது

2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட போருக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததும், நான்கு நாள் தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்ததும், கடைசியில் உயிரற்ற உடலே வெளியே வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதையடுத்து மாவட்டந்தோறும் திறந்து கிடக்கும் போர்களைக் கணக்கெடுத்து மூடச் சொன்னார்கள். கொங்கு நாட்டிலும் தோட்டந்தோட்டமாக அந்த வேலை நடந்தது. ஒருவர் இரும்புத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்தார், ஒருவர் பெரிய கல்லைப் புரட்டி வைத்தார், இன்னொருவர் பிளாஸ்டிக் மூடியைத் திருகிவிட்டு வந்தார். குழந்தைகளைக் காக்க இது அவசியம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் பயன்படாத போரில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஆள் விழுவது ஒன்று. மேலே கிடக்கும் அழுக்கு அந்தத் துளை வழியே நேராக அடிநீருக்குள் இறங்குவது மற்றொன்று. முதலாவதை மூடி தடுக்கும், இரண்டாவதைத் தடுக்காது. அதைத் தடுக்க வேண்டுமானால் போரை உரிய ஆழங்களில் சிமெண்ட் கொண்டு அடைக்க வேண்டும். அந்த வேலையைக் கல்குவாரி, சாயப்பட்டறை, குப்பைக்கிடங்கு ஆகியவற்றைச் சுற்றித் தண்ணீரைச் சோதிப்பதற்கென்றே போடப்பட்டு, இப்போது பழுதாகிக் கிடக்கும் போர்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்தப் பேச்சு கொங்குக்கு மற்ற ஊர்களைவிட அதிகம் பொருந்தும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களின் பெரும்பகுதி பழங்காலக் கடும்பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் கோவைச் சமவெளிக்கு ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அந்த மழையில் மண்ணுக்குள் இறங்குவது கொஞ்சம். அதுவும் தங்குவது, மேலே சிதைந்து மக்கிய பாறைப் படலத்திலும் அதற்குக் கீழே ஓடும் வெடிப்புகளிலும்தான். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் அந்த மேல் படலத்துத் தண்ணீரே போதுமானதாக இருந்தது. மின்மோட்டார் வந்தபின் கிணறுகள் ஆழமாயின. பிறகு கிணற்றின் அடியில் நின்றுகொண்டு நாலாபுறமும் சைடு போர் போட்டார்கள். அதுவும் தீர்ந்தபோது கிணற்றுக்குள்ளேயே போர் இறக்கினார்கள். இன்று அன்னூர், பல்லடம், சூலூர் பக்கம் ஆயிரம் அடி என்பது யாரையும் வியக்க வைக்காத கணக்கு. இந்தியா முழுவதும் போர் போடப் போகும் ரிக் வண்டிகளின் தலைநகரம் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு என்பதும் தற்செயல் அல்ல. சொந்த மண்ணின் வறட்சிதான் அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது.

கடும்பாறையில் போடும் போர் வெடிப்பைத் தொட்டால் தண்ணீர், தொடாவிட்டால் வெறும் புகை. நாலடி தள்ளிப் போட்டால் கிடைத்திருக்கும் என்று தோன்றும், தள்ளிப் போட்டால் அங்கும் புழுதி பறக்கும். ஆகவே இங்கே ஓடும் ஒவ்வொரு போரைச் சுற்றியும் ஃபெயிலான போர்கள் இருப்பது இயல்பு. ஆயிரம் அடிக்கு லட்சத்துக்கு மேல் செலவழித்துவிட்டுப் புழுதியைப் பார்த்த விவசாயி, போட்ட காசில் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று கேசிங் பைப்பை உருவிக்கொள்கிறார். அவர் நிலையில் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அங்கேதான் இரண்டு ஆபத்துகளும் ஒருசேரப் பிறக்கின்றன. பாறைக்குள் ஆறரை இஞ்சு அகலமே உள்ள துளை, கேசிங் இறங்குவதற்காக மேல் மண்ணில் எட்டு, ஒன்பது இஞ்சாகத் தோண்டப்பட்டிருக்கும். பைப் போனபின் மண் சரிந்து வாய் இன்னும் விரியும். குழந்தை விழும் அகலமும், மழைத் தண்ணீர் வடிகட்டப்படாமல் இறங்கும் வழியும் அதே வாய்தான்.

மண்ணுக்குள் நடப்பதைப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். இந்தப் பக்கத்துச் செம்மண்ணும், சுண்ணாம்பு முண்டுகள் கலந்த ஓடைமண்ணும், அதற்கடுத்த மக்கிய பாறையும் சேர்ந்து ஒரு இயற்கைச் சல்லடை. வயலில் போட்ட யூரியாவின் நைட்ரேட்டோ, கோழிப்பண்ணை எருவின் கிருமியோ, செப்டிக் டேங்க் கசிவோ அதன் வழியே இறங்க நாளாகும். அதற்குள் கிருமிகளில் பெரும்பங்கு மடியும், சில உப்புகள் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், சில செடி வேருக்குப் போகும். நைட்ரேட் அவ்வளவு எளிதாக ஒட்டாது என்றாலும் அதன் வேகமாவது குறையும். கீழே பாறை வெடிப்புகள் பெரும்பாலும் மயிரிழை அகலம். வெடிப்பின் அகலம் இரண்டு மடங்கானால் அதன் வழி ஓடும் நீர் எட்டு மடங்காகும் என்பது நீரியலில் அறியப்பட்ட கணக்கு. அப்படிப்பட்ட பாறையில் 165 மில்லிமீட்டர் அகலத் துளையை ஆயிரம் அடிக்கு நேராக இறக்கிவிட்டால் எந்த வெடிப்பும் அதற்குப் போட்டியாகாது. மேல் படலத்துத் தண்ணீர் அதற்குள் கசிந்து, சுவரோரம் வழிந்து, வழியில் தொடும் ஒவ்வொரு வெடிப்புக்கும் போய்ச் சேரும். தண்ணீர் வராத போர் தண்ணீரைக் கொண்டுபோகாது என்று பொருளில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது கீழ் வெடிப்பில் அழுத்தம் குறையும். அப்போது இந்தக் காய்ந்த போரே அதற்கு ஊட்டும் குழாயாகிவிடும்.

கலந்த நீரைப் பிரித்தெடுக்க முடியாது என்பதற்குக் கொங்கில் பாடமாக நொய்யல் இருக்கிறது. வெள்ளிங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியே கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் இந்த ஆற்றின் குறுக்கே 1992-இல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணை சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்ற நிபந்தனை வந்தது, அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆறு வேண்டுமானால் ஒரு நல்ல வெள்ளத்தில் தன்னைக் கழுவிக்கொள்ளும். ஆற்றோரக் கிணறுகளிலும் போர்களிலும் இறங்கிய உப்புக்கு அப்படி ஒரு வெள்ளம் கிடையாது. கழிவுநீரைப் பழைய போர்களுக்குள்ளேயே இறக்கிவிடுகிறார்கள் என்ற புகார் தொழில் ஊர்களில் திரும்பத் திரும்ப எழுந்ததற்கும் காரணம் உண்டு. ஊரெங்கும் கேட்பாரற்ற துளைகள் கிடக்கும்போது, திருட்டுத்தனமாக ஊற்ற நினைப்பவனுக்கு இடம் தேட வேண்டிய வேலை மிச்சம்.

பாறை வெடிப்பு வழியே அழுக்கு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து வாக்கர்டன் என்ற சிற்றூர். 2000 மே மாதம் அங்கே கனமழை பெய்தது. மாட்டுப் பண்ணை எருவிலிருந்த கிருமி, வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை வழியே ஊரின் ஐந்தாம் எண் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள், 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். குளோரின் கலப்பதிலும் அதைக் கண்காணிப்பதிலும் நடந்த கோளாறுகள்தான் அங்கே முதன்மைக் குற்றம் என்று விசாரணை சொன்னது, உண்மைதான். அது கைவிடப்பட்ட கிணறும் அல்ல, ஊருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த கிணறு. நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். மேல் மண் மெல்லியதாகவும் பாறை வெடிப்பு நிறைந்ததாகவும் இருக்குமிடத்தில், ஒரு மழைக்கும் ஒரு குடிநீர்க் குழாய்க்கும் இடையே சில நாள் அவகாசம்கூட இல்லை.

இனி இந்த ஆபத்தின் கூர்மையான முனைக்கு வருவோம். சாதாரணத் தோட்டத்துப் போர் எங்கே நீரோட்டம் இருக்கும் என்று நினைக்கிறோமோ அங்கே போடப்படுகிறது. கண்காணிப்புப் போர் அப்படியல்ல, எங்கே அழுக்கு கசியும் என்று சந்தேகிக்கிறோமோ அங்கேயே போடப்படுகிறது. சுரங்கத்தின் விளிம்பில், கழிவுக்குட்டையின் ஓரத்தில், குப்பைமேட்டின் இறக்கத்தில். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை நிரப்பும் இடத்தின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைப் பருவந்தோறும் சோதிக்கச் சொல்லியிருந்தன. மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சுரங்கங்களும் ஆலைகளும் நீர்மட்டம் அளக்கும் பீசோமீட்டரை நீர் இறைக்கும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, 4 முதல் 6 அங்குல விட்டத்தில், அதே ஆழத்துக்குப் போட வேண்டும் என்று அளவு சொல்லிவிடுகின்றன. தமிழகத்தில் அனுமதி கொடுப்பது மாநில அரசின் துறை, ஏற்பாடு வேறு. என்றாலும் நோக்கம் ஒன்றுதான்: பாதிப்பை முன்கூட்டியே அறிவது.

அந்தப் போர் பழுதானால் என்ன ஆகும்? மதுக்கரை, கிணத்துக்கடவு, பல்லடம் பக்கத்துக் கல்குவாரிகளில் தினமும் வெடி வைக்கிறார்கள். அந்த அதிர்வில் கேசிங்குக்கும் பாறைக்கும் இடைப்பட்ட பிடிப்பு விட்டுப்போகலாம். பிவிசி பைப் இணைப்பில் விரிசல் விழலாம். டிப்பர் லாரி பின்னால் வரும்போது தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பைப்பை முறித்துவிட்டுப் போகலாம். குவாரித் துகள் கலந்த மழைநீர் அந்த விரிசல் வழியே இறங்க ஆரம்பித்துவிட்டால் அங்கே எடுக்கும் தண்ணீர் மாதிரி எதைச் சொல்லும்? பாறைக்குள் இருக்கும் நீரின் தன்மையைச் சொல்லாது, போருக்குள் வழிந்த மேல்தண்ணீரின் தன்மையைத்தான் சொல்லும். இல்லாத மாசு இருப்பதாகக் காட்டினால் ஆலைக்காரர் வழக்குப் போடுவார். இருக்கும் மாசை மழைநீர் கலந்து நீர்த்துப்போகச் செய்தால் ஊருக்குத் தெரியாமலே போய்விடும். இதற்கிடையே அதே துளை வழியே மாசு கீழே போய்க்கொண்டும் இருக்கும். காவலுக்கு நிறுத்தியவனே திருடனுக்குக் கதவைத் திறந்துவிடும் நிலை இது. பழுதான கண்காணிப்புப் போர், போரே இல்லாத நிலையைவிடக் கேடு என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

குவாரி ஓய்ந்தபின் கதை முடிவதுமில்லை. கல் எடுத்து முடித்த பாறைக்குழிகளில் மாநகரக் குப்பையைக் கொட்டுவதை எதிர்த்துத் திருப்பூர் சுற்றுவட்டாரத்து ஊர்மக்கள் போராடியிருக்கிறார்கள். குழியில் குப்பை நிரம்பி, அதன் ஓரத்தில் குவாரிக் காலத்துப் பழைய போர் ஒன்று அடைக்காமல் கிடந்தால், குப்பைச் சாறு பாறை வெடிப்பைத் தேடி அலையத் தேவையே இல்லை.

பாறை நிலத்தோடு ஒப்பிட நெய்வேலி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே படிவு மண், அடுக்கடுக்கான நீர்த்தாங்கிகள். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் இருக்கும் நீர் பெரும் அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதால், பம்பு வைத்து இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பின்புதான் அங்கே சுரங்கம் தோண்டவே முடிந்தது. 1957-இல் வேலை தொடங்கிய காலத்திலிருந்தே அந்தச் சுரங்கத்தின் உயிர்நாடி சுற்றிலும் நீர்மட்டத்தை அளப்பதுதான். அங்கே ஒரு துளையை மறந்து விட்டுவிட்டால் தண்ணீர் தானே மேலேறி வந்து காட்டிக்கொடுக்கும். கொங்கில் தண்ணீர் கீழே கிடக்கிறது, துளை சத்தமின்றி உறிஞ்சுகிறது. அதனால்தான் இங்கே யாரும் கவனிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2010-இல், பிப்ரவரியிலும் பிறகு ஆகஸ்ட் 6 அன்று திருத்தியும், உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்கள்தான் நாடு முழுவதும் இன்றும் அடிப்படை. போர் போடுவதற்கு 15 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும், ரிக் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும், வேலை நடக்குமிடத்தில் பலகையும் முள்வேலியும் வேண்டும், கேசிங்கைச் சுற்றி சிமெண்ட் மேடை வேண்டும், வாயை இரும்புத் தகட்டாலோ போல்ட் போட்ட மூடியாலோ அடைக்க வேண்டும் என்று அவை வரிசையாகச் சொல்கின்றன. கைவிடப்பட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்றும், நிரப்பியதற்குச் சான்று வாங்க வேண்டும் என்றும், கிராம வாரியாகக் கணக்கு வைக்க வேண்டும் என்றும்கூட இருக்கிறது. படித்தால் நல்ல ஆவணம் என்றே தோன்றும். நிரப்பும் பொருள்களின் பட்டியலில்தான் இடறுகிறது: களிமண், மணல், பாறாங்கல், கூழாங்கல், போர் போடும்போது வந்த துகள் என்று எது வேண்டுமானாலும் போடலாம். களிமண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றின் வழியாகவும் தண்ணீர் தாராளமாக ஓடும். கூழாங்கல் நிரப்பிய துளையில் குழந்தை விழாது, சாயத்தண்ணீர் விழும். குழந்தைகள் விழுவதைக் கண்டு எழுதப்பட்ட ஆணை குழந்தைகளை நினைத்தே எழுதப்பட்டது, அதில் குறை காண்பதற்கில்லை. நீருக்கான விதியை எழுத வேண்டியது அரசின் வேலை. தமிழகத்தில் நிலத்தடி நீருக்கென்று 2003-இல் ஒரு சட்டம் இயற்றி, நடைமுறைக்கே கொண்டுவராமல் 2013-இல் அதை ரத்தும் செய்தாயிற்று. பஞ்சாயத்துகளுக்கான விதிகள் பிறகு வந்தன, அவற்றின் பார்வையும் பெரும்பாலும் பாதுகாப்பைப் பற்றியே.

நிரப்புவதிலும் நாம் செய்கிற முறை தவறு. வாய் வழியே கல்லையும் மண்ணையும் கொட்டினால் அடிவரை போகும் என்று நினைக்கிறோம். ஆறரை இஞ்சுத் துளையில் நாலு இஞ்சுக் கற்கள் இரண்டு ஒன்றாக விழுந்தாலே சிக்கிக்கொள்ளும். வெடிப்பு இருக்குமிடத்தில் சுவர் நொறுங்கித் திட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கல் தங்கும், அதன்மேல் மண் தங்கும். எண்பது அடியில் தங்கிவிட்டால் மேலே கொஞ்ச மண்ணிலேயே போர் நிரம்பிவிட்டதாகத் தோன்றும். அதற்குக் கீழே தொள்ளாயிரம் அடி வெற்றிடம் அப்படியே இருக்கும். இரண்டு மழை பெய்ததும் அந்த அடைப்பு நழுவும், மேல்மண் உள்வாங்கும், நிரப்பியதாகச் சான்று பெற்ற இடத்தில் மறுபடி ஒரு குழி. மோட்டார் சிக்கிக்கொண்டதால் கைவிட்ட போரானால் கேட்கவே வேண்டாம், கேபிளும் ஹோஸும் நடுவழியில் பந்தலாகக் கிடக்கும்.

சரியான முறை கடினமானதல்ல, பொறுமை கேட்பது. முதலில் கயிற்றில் எடை கட்டி இறக்கி உண்மையான ஆழத்தைப் பார்க்க வேண்டும். கோவைப் பக்கம் இப்போது போர்வெல் கேமரா வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கேமராவை ஒரு முறை இறக்கினால் கேசிங் எங்கே உடைந்திருக்கிறது, எத்தனையாவது அடியில் வெடிப்பு, சிக்கியிருப்பது என்ன என்பதெல்லாம் தெரிந்துவிடும். உள்ளே கிடப்பதை எடுத்துவிட்டு, குளோரின் போட்டுச் சுத்தம் செய்து, அடியிலிருந்து கழுவிய சிறு சல்லியை மெதுவாக இறக்கி, சில அடிகளுக்கு ஒருமுறை எடைக்கயிற்றால் அளந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். வெடிப்பு வரும் இடங்களில் சல்லியை நிறுத்திவிட்டு சிமெண்ட் கூழ். இந்தக் கூழை வாயிலிருந்து ஊற்றக் கூடாது. தண்ணீர் நிற்கும் போரில் மேலிருந்து ஊற்றினால் சிமெண்ட் கரைந்து பிரிந்து, இறுகாத சேறாகத்தான் படியும். மோட்டார் இறக்கப் பயன்படும் ஹோஸையே அடிவரை விட்டு, அதன் வழியாகக் கூழைச் செலுத்த வேண்டும். ஹோஸின் நுனி எப்போதும் கூழுக்குள்ளேயே முங்கியிருக்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்க வேண்டும். கனமான கூழ் கீழிருந்து ஏறும்போது தண்ணீரைத் தனக்கு மேலே தள்ளிக்கொண்டு வரும். மறுநாள் போய்ப் பார்த்தால் கூழ் சில அடி இறங்கியிருக்கும், அதையும் நிரப்ப வேண்டும். கேசிங் உள்ளே இருந்தால், தரைக்கு மூன்றடி கீழே அறுத்து சிமெண்ட் வைத்து மேலே மண் போட்டுவிட்டால் கலப்பை ஓட்டினாலும் தட்டாது. பழுதான கண்காணிப்புப் போரில் இன்னொரு வேலையும் உண்டு. கேசிங்குக்கு வெளிப்புறத்து இடைவெளிதான் அங்கே கசிவின் பாதை என்பதால், பைப்பை உருவி எடுக்கவோ, முடியாவிட்டால் அதில் துளையிட்டுக் கூழ் வெளியே பரவும்படி செய்யவோ வேண்டும். உள்ளே மட்டும் அடைத்துவிட்டு வந்தால் வெளிப்பாதை திறந்தேயிருக்கும்.

இவ்வளவுக்கும் காசுக்கு எங்கே போவது என்பதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்வி, ஆகவே கணக்காகவே பார்க்கலாம். ஆறரை இஞ்சுத் துளையின் ஆயிரம் அடிக்குள் சுமார் 6,500 லிட்டர் அடங்கும். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 41 லிட்டர் கூழ் கிடைக்கும். முழுப் போரையும் சிமெண்டால் நிரப்பினால் 160 மூட்டை. மூட்டை 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சிமெண்டுக்கு மட்டுமே 56,000 ரூபாய். ஃபெயிலான போருக்கு எந்த விவசாயியும் அதைச் செலவழிக்கமாட்டார், செலவழிக்கச் சொல்வதும் அநியாயம். ஆனால் முழுவதும் சிமெண்டாலேயே நிரப்பத் தேவையில்லை. மேல் நூறு அடியில், அதாவது மக்கிய பாறைப் படலமும் கடும்பாறையின் தொடக்கமும் சேருமிடத்தில், முழுமையான அடைப்பு கிடைத்தால் பெரும் ஆபத்து தீர்ந்தது. அதற்கு வேண்டியது 16 மூட்டை, 6,000 ரூபாய்க்குள். கேசிங்கை உருவிவிட்ட போரென்றால் வாய் அகலமாக இருப்பதால் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். சல்லிக்கும் ஆள்கூலிக்கும் தனியாக ஆகும். இவ்வளவையும் கூட்டினாலும் போர் போட்ட செலவில் ஒரு சிறு பங்குதான். மேலும் இந்தப் பணத்தை விவசாயி தலையில் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போர் போடும்போதே ரிக் நிறுவனத்தின் கட்டணத்தில் ஃபெயிலானால் அடைக்கும் செலவையும் சேர்த்துவிடலாம். வண்டி அங்கேயே நிற்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், கம்ப்ரசரும் இருக்கிறது. அந்த நாளில் செய்தால் ஆகும் செலவு, பத்து வருடம் கழித்துத் தேடிக் கண்டுபிடித்துச் செய்வதில் கால்வாசி இருக்குமா என்பது சந்தேகம்.

இரண்டாவது மறுப்பு மனசிலிருந்து வருவது. இந்த வருசம் வற்றிய போர், நல்ல மழை பெய்தால் ஊறுமே, அதை எப்படி அடைப்பது? கொங்கு விவசாயியின் இந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்து வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளங்குட்டைகளுக்கு பவானி உபரிநீரைக் கொண்டுவருகிறது. குளம் நிறைந்தால் சுற்றுவட்டாரப் போர்கள் உயிர் பெறலாம். அப்படியானால் அந்தப் போர் கைவிடப்பட்டதல்ல, காத்திருக்கும் போர். காத்திருக்கும் போருக்குக் கேசிங்கை உருவக் கூடாது, அதன் வெளி இடைவெளியைச் சிமெண்டால் அடைக்க வேண்டும், போல்ட் போட்ட மூடி வேண்டும், பஞ்சாயத்துப் பதிவேட்டில் பெயர் வேண்டும். இத்தனை வருடங்களுக்குள் ஊறாவிட்டால் அடைப்பது என்று ஒரு கெடுவும் வேண்டும். உண்மையில் அத்திக்கடவுத் தண்ணீர் வருவது அடைப்பதற்கான அவசரத்தைக் கூட்டவே செய்கிறது. ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்த குளத்துக்குள்ளும் கரையோரத்திலும் போடப்பட்டு மறந்துபோன துளைகள் இருந்தால், புதிதாக வரும் தண்ணீரும் குளத்தில் கிடக்கும் கழிவும் சேர்ந்தே அவற்றில் இறங்கும்.

மூன்றாவதாக, வீணாகக் கிடக்கும் போரை மழைநீர் செறிவூட்டலுக்குப் பயன்படுத்தலாமே என்பார்கள். 2019-க்குப் பிறகு அரசுத் துறைகளும் இந்த யோசனையை முன்வைத்தன. கூரையில் விழுந்து, மணலும் சல்லியும் நிரப்பிய தொட்டி வழியே வடிந்த மழைநீரை இறக்குவதில் தவறில்லை, அந்த வடிகட்டியை ஆண்டுக்கு ஒரு முறையாவது கழுவிப் போடும் ஆள் இருக்கும் வரை. தெருத் தண்ணீரையும் வயல் வடிகாலையும் இறக்குவது வேறு விசயம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. உரம் போட்ட வயலின் முதல் மழைத் தண்ணீரை வடிகட்டாமல் ஆழத்துக்கு அனுப்பிவிட்டு, நீர்மட்டம் ஏறியதென்று மகிழ்வதில் பயனில்லை. குவாரிக்கும் ஆலைக்கும் குப்பைக்கிடங்குக்கும் பக்கத்துப் போர்களில் செறிவூட்டல் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

நிலவியல் தெரிந்தவர்கள் கேட்கும் மறுப்புதான் கொஞ்சம் கடினமானது. பாறை வெடிப்புகள் ஏற்கெனவே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, மேல்நீரும் கீழ்நீரும் எப்படியும் கலக்கத்தான் போகிறது, ஒரு துளையை அடைப்பதால் என்ன மாறும் என்பார்கள். கலப்பது உண்மை. எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி. மயிரிழை வெடிப்புகளின் வழியே ஆண்டுகள் எடுத்து, வழியெல்லாம் உரசி, நீர்த்து இறங்குவதற்கும், அகன்ற துளையில் ஒரே மழையில் இறங்குவதற்கும் உள்ள தூரம்தான் குடிக்கும் நீருக்கும் குடிக்கலாகாத நீருக்கும் உள்ள தூரம். ஒரு துளை என்றால் பேச்சு வேறு. ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்றும் நாலுமாகத் துளைத்து வைத்திருக்கிறோம். எல்லாம் சேர்ந்து பாறையின் குணத்தையே மாற்றிவிடுகின்றன.

அப்படியானால் யார், எதிலிருந்து தொடங்குவது? எல்லாத் தோட்டங்களிலும் ஒரே நாளில் நடக்காது. கண்காணிப்புப் போர்களிலிருந்து தொடங்கலாம். அவை எண்ணிக்கையில் குறைவு, எங்கே இருக்கின்றன என்பது அனுமதிக் கோப்புகளில் இருக்கிறது, பொறுப்பாளி யாரென்பதும் தெரியும். சுரங்கங்களுக்கு மூடல் திட்டமும் அதற்கான நிதி உத்தரவாதமும் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளவை. குழியை வேலியிடுவதும் மரம் நடுவதும் போல, பழுதான போரையும் பயன்முடிந்த போரையும் சிமெண்டால் அடைத்து, அடைத்த ஆழம், மூட்டைக் கணக்கு, இட அடையாளம் ஆகியவற்றோடு அறிக்கை தருவதை அதில் ஒரு நிபந்தனையாக்கினால் போதும். பழுதானதற்குப் பதிலாகப் பக்கத்திலேயே புதிய போர் போட்டு அளவெடுப்பைத் தொடரவும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடைப்பதே கண்காணிப்பைத் தட்டிக்கழிக்கும் வழியாகிவிடும்.

குவாரிக்கோ ஆலைக்கோ பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டியதும் இதுதான். கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் வெடிச் சத்தத்தையும் தூசியையும் பற்றிப் பேசுவதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கண்காணிப்புப் போர்கள் எத்தனை, எங்கே, எத்தனை பழுது, பழுதானவற்றை எதை வைத்து அடைத்தீர்கள் என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் நிலத்திலேயே ஃபெயிலான போர் இருந்தால் அதன் ஆழத்தையும், எத்தனையாவது அடியில் ஈரம் தென்பட்டது என்பதையும், கேசிங் இருக்கிறதா என்பதையும் எழுதிப் பட்டாவோடு சேர்த்து வையுங்கள். அடைக்க வருகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தக் காகிதம்தான்.